இதயத் தமனிக்குள் எதை அனுப்புவது: அழுத்தமா, ஒலியா, ஒளியா?

கரோனரி (இதயத் தமனி) அடைப்பைக் கண்டறிய ஒரு கதீட்டர், அதாவது தமனிக்குள் செலுத்தும் மெல்லிய குழாய், செய்யலாம் என்று இறங்கும் குழுக்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: நுனியில் எந்த சென்சாரை வைப்பது? ரத்த அழுத்தத்தை அளக்கலாம். அல்ட்ராசவுண்டால் குழாயின் சுவரைப் படமெடுக்கலாம், அதுதான் ஐவஸ். அகச்சிவப்பு ஒளியால் இன்னும் நுணுக்கமாக எடுக்கலாம், அது ஓசிடி. அதே அகச்சிவப்பை நிறமாலையாகப் பிரித்து, சுவரில் கொழுப்பு எங்கே இருக்கிறது என்றும் கேட்கலாம். நான்கும் மருத்துவமனைகளில் புழக்கத்தில் உள்ளவை. அதனால்தான் முடிவு கடினம்.

இந்தத் தேர்வைப் பிரிதிறன் எண்களில் தொடங்குவது வழக்கம். 10 மைக்ரான் 100 மைக்ரானைவிட மேல், ஆகவே ஓசிடி, என்று கணக்கு முடிந்துவிடும். மேசையருகில் நிற்கும் மருத்துவர் கேட்பது "இந்த அடைப்புக்கு ஸ்டென்ட் வேண்டுமா, வேண்டாமா?" என்றால் எவ்வளவு நுணுக்கமான படமும் அவருக்கு நேரடிப் பதில் தராது. திட்டம் தடுக்கி விழுவதும் சென்சாரின் இயற்பியலில் அபூர்வம். குமிழி, இணைப்பி, ஈரம், வளைவில் சுழலும் கம்பி, இவற்றில்தான் விழுகிறது.

## எதை வைத்து எடைபோடுவது

பதில் சொல்ல வேண்டிய கேள்வி. கேத் லேபில் (கதீட்டர் சிகிச்சை நடக்கும் அறை) மூன்று கேள்விகள் எழும். இந்தக் குறுகல் ரத்த ஓட்டத்தைத் தடுக்கிறதா? ஸ்டென்ட் எந்த அளவில், எங்கிருந்து எங்கு வரை, வைத்தபின் சரியாக விரிந்ததா? சுவரில் உள்ள இந்தப் படிவு பின்னாளில் வெடிக்கக்கூடியதா? ஒரு கருவி மூன்றுக்கும் பதில் சொல்லும் என்று விளம்பரத்தில் எழுதலாம். வடிவமைப்பு ஆவணத்தில் ஒன்றைத்தான் முதலாவதாக எழுத முடியும்.

இடம். கருவிகளுக்கு முன்னால் போய் வழிகாட்டும் கம்பியான கரோனரி கைடுவயரின் விட்டம் 0.014 அங்குலம், அதாவது 0.36 மி.மீ. கதீட்டர் அளவைச் சொல்லும் ஒரு ஃபிரெஞ்ச் என்பது மூன்றில் ஒரு மி.மீ. 6 ஃபிரெஞ்ச் கைடு கதீட்டரின் உள்விட்டம் சுமார் 1.8 மி.மீ. அதற்குள் கம்பியும் போக வேண்டும், உங்கள் கருவியும் போக வேண்டும், சாயம் பாயவும் வழி இருக்க வேண்டும். மணிக்கட்டிலிருந்தோ தொடையிலிருந்தோ இதயம்வரை எட்ட, பயன்படும் நீளம் 135 செ.மீ.க்குக் குறையக்கூடாது.

ரத்தம். சென்சார் ரத்தத்தின் ஊடே வேலை செய்யுமா, ரத்தத்தை விலக்க வேண்டுமா? செயல்முறையின் பாதி இந்த ஒரு விடையில் தீர்மானமாகிவிடும்.

எறியும் பகுதியின் விலை. கதீட்டரை இணைக்கும் வெளி இயந்திரமான கன்சோல் ஒருமுறை வாங்குவது. கதீட்டர் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒன்று, முடிந்ததும் குப்பைக்கு. ஆகவே நுனியில் வைக்கும் ஒவ்வொரு துண்டும், நுண்ணோக்கியின் கீழ் ஒரு தொழிலாளி செலவிடும் ஒவ்வொரு நிமிடமும் விலையில் ஏறும்.

நிரூபணம். நீங்கள் அளந்தது சரி என்று எதோடு ஒப்பிட்டுச் சொல்வீர்கள்? ஏற்கெனவே ஒப்புக்கொள்ளப்பட்ட எண் இருந்தால் வேலை மாதக்கணக்கு. இல்லையென்றால் ஆண்டுக்கணக்கு.

## முதல் வழி: அழுத்தம்

கொள்கை எளிது. குறுகலுக்கு அப்பால் உள்ள அழுத்தத்தைப் பெருந்தமனி அழுத்தத்தால் வகுக்க வேண்டும். அடினோசின் கொடுத்து நுண்குழாய்களை முழுக்க விரித்த நிலையில் அளந்தால் அது எஃப்எஃப்ஆர். 0.80 அல்லது அதற்குக் கீழ் என்றால் குறுகல் ஓட்டத்தைப் பாதிக்கிறது. 2009-இல் வெளியான ஃபேம் ஆய்வில் 1005 நோயாளிகள். ஆஞ்சியோகிராமை மட்டும் பார்த்து ஸ்டென்ட் வைத்தவர்களைவிட, எஃப்எஃப்ஆர் பார்த்து வைத்தவர்களுக்கு ஓராண்டில் பாதிப்புகள் குறைவு (18.3 சதவீதத்துக்கு எதிராக 13.2). அடினோசின் இல்லாமல் ஓய்வுநிலையிலேயே அளக்கும் ஐஎஃப்ஆருக்கு எல்லை 0.89. அதற்கு 2017-இல் இரண்டு பெரிய ஆய்வுகள் ஆதாரம் தந்தன. புதிய கருவிக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது: எல்லை எண் தயார், ஒப்பிடும் கருவியும் தயார்.

சிரமம் அந்த எண்ணின் கூர்மையில் இருக்கிறது. பெருந்தமனியில் 80, குறுகலுக்கு அப்பால் 64 என்று வைத்துக்கொள்ளுங்கள். விகிதம் 0.80. சென்சார் 2 மி.மீ. பாதரசம் நகர்ந்துவிட்டால் விடை 0.775 அல்லது 0.825. முன்னதில் ஸ்டென்ட் வைப்பார்கள், பின்னதில் வீட்டுக்கு அனுப்புவார்கள். முழு அளவீட்டு எல்லையில் ஒரு சதவீதப் பிழை என்று தரவுத்தாளில் சாதுவாக உட்கார்ந்திருக்கும் எண், இங்கே சிகிச்சையையே மாற்றிவிடும். அளந்து முடித்ததும் சென்சாரைக் கைடு கதீட்டர் வாய்க்குத் திருப்பி இழுத்து இரு அழுத்தங்களும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்ப்பது அதனால்தான். விகிதம் 0.97-க்கும் 1.03-க்கும் வெளியே போனால் மறுபடி அளக்க வேண்டும். மறுபடி அளக்கவைக்கும் கருவியை மருத்துவர் மூன்றாவது முறை கேட்டு வாங்கமாட்டார்.

நகர்வு எங்கிருந்து வருகிறது? சிலிக்கான் பீசோரெசிஸ்டிவ் (அழுத்தத்தால் மின்தடை மாறும்) சில்லைக் கடினமான பசையால் ஒட்டினால், கம்பி வளையும்போது அந்த வளைவையும் சில்லு அழுத்தமாகவே படிக்கும். மென்மையான சிலிகோனில் மிதக்கவிட்டு ஒரு முனையை மட்டும் பிடித்தால் குறையும். உடல் வெப்பத்துக்கு வந்து சேரும்வரை சுழிநிலை (எதையும் அளக்காதபோது காட்ட வேண்டிய பூஜ்ஜியம்) நகரும். ஆகவே சலைனில் ஊறவைக்கும் நேரத்தைப் பயன்பாட்டுக் கையேட்டில் போடுவதோடு நிறுத்தாமல், நேரம் ஆகும்வரை சுழியாக்க விடாதபடி மென்பொருளிலும் போடுங்கள். கம்பியின் பின்முனையில் உள்ள மின்வளையங்களில் ரத்தமோ சாயமோ காய்ந்தால் கசிவுமின்னோட்டம் அழுத்தமாகத் தெரியும். இணைப்பியைக் கழற்றித் துடைத்து மாட்டுவது எப்போதும் ஈரக் கையுறையோடுதான் நடக்கிறது. ஃபேப்ரி–பெரோ வகை ஒளியிழை சென்சாரில் இந்த மின்சாரத் தொல்லைகள் இல்லை, நகர்வும் குறைவு. பதிலுக்கு இழை முறியும் ஆபத்தும், சுத்தமாக இருந்தே தீரவேண்டிய ஒளி இணைப்பியும் வந்து சேரும்.

சென்சார் மேல் பழிபோட முடியாத ஒரு பிழையும் உண்டு: உயரம். ஒரு செ.மீ. ரத்தநெடுக்கு சுமார் 0.77 மி.மீ. பாதரசம். மல்லாந்து படுத்திருப்பவரின் இதய முன்புறத் தமனியின் கடைப்பகுதி அதன் வாயைவிட மேலே இருக்கும். 5 செ.மீ. மேலே என்றால் சுமார் 4 மி.மீ. குறைவாகக் காட்டும். பின்புறம் சுற்றிப்போகும் கிளையில் இதற்கு நேர்மாறு. விலங்குச் சோதனையில் "கருவி சரியில்லை" என்று குழு மாதக்கணக்கில் தேடுவதற்கு முன் இதைக் கழித்துப் பார்த்துவிடலாம்.

### கம்பியிலா, மைக்ரோகதீட்டரிலா?

கம்பியிலேயே சென்சார் வைத்தால் குறுகலை அது மிகக் குறைவாகவே தொந்தரவு செய்யும். ஆனால் 0.36 மி.மீ.க்குள் குழாய், மின்கம்பிகள், சில்லு மூன்றையும் அடைத்தபின் அது மருத்துவர் வழக்கமாகப் பயன்படுத்தும் கம்பியைப்போல் திரும்பாது. "இந்தக் கம்பி போகமாட்டேன் என்கிறது" என்பதுதான் இந்தப் பிரிவின் நிரந்தரப் புகார். மைக்ரோகதீட்டரில் வைத்தால் அவரவர் விரும்பிய கம்பியின் மேலேயே ஓட்டலாம், கம்பியை நகர்த்தாமல் பல இடங்களில் அளக்கலாம், செய்வதும் எளிது. விலை குறுகலில் தெரியும். 1 மி.மீ. விட்டமுள்ள குறுகலின் பரப்பு 0.785 ச.மி.மீ. அதில் 0.36 மி.மீ. கம்பி 13 சதவீதத்தை அடைக்கும். 0.6 மி.மீ. மைக்ரோகதீட்டர் 36 சதவீதத்தை அடைத்துவிடும். கருவியே அடைப்பைக் கூட்டி, விகிதத்தைக் கீழே இழுக்கும். எல்லை எண்ணுக்கு அருகில் அது தேவையில்லாத ஸ்டென்டாக முடியலாம்.

சிறு குழுவுக்கு மைக்ரோகதீட்டரே நடைமுறை என்பது எங்கள் கணிப்பு. அதற்கு நுனியின் குறுக்களவை 0.6 மி.மீ.க்குக் கீழே கொண்டுவர முடியும் என்று முதல் முன்மாதிரியிலேயே தெரிந்திருக்க வேண்டும். பிறகு குறைத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் குறையாது.

வெளியிலிருந்து வரும் போட்டியையும் பார்க்க வேண்டும். ஆஞ்சியோகிராம் படத்திலிருந்தும் சிடி படத்திலிருந்தும் எஃப்எஃப்ஆரைக் கணக்கிடும் மென்பொருள்கள் வந்துவிட்டன. அவற்றுக்குக் கம்பியும் வேண்டாம், அடினோசினும் வேண்டாம். 2024-இல் வெளியான ஐரோப்பிய ஃபேவர் 3 ஆய்வில் ஆஞ்சியோ வழிக் கணக்கு, கம்பியால் அளந்த எஃப்எஃப்ஆருக்கு ஈடானது என்று நிரூபிக்கவில்லை. அதனால் நேரடி அளவீட்டுக்கு இன்னும் இடம் இருக்கிறது. அந்த இடம் அகலமாகிக்கொண்டு இல்லை.

## இரண்டாம் வழி: ஒலி

ஐவஸ் 20 முதல் 60 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்கிறது. ரத்தத்தின் ஊடே பார்க்கும். 5 மி.மீ. ஆழத்துக்கு மேல் போகும், ஆகவே குழாயின் வெளிவரம்புவரை தெரியும். ஸ்டென்ட் அளவைத் தேர்ந்தெடுக்க அந்த வெளிவரம்புதான் முக்கியம். 2023-இல் வந்த ரெனோவேட் ஆய்வில் சிக்கலான அடைப்புகளில் குழாய்க்குள் படமெடுத்து ஸ்டென்ட் வைத்தவர்களுக்குப் பலன் தெரிந்தது. பெரும்பாலானவர்களுக்கு ஐவஸ்தான் பயன்பட்டது. 2024 ஐரோப்பிய வழிகாட்டுதல் சிக்கலான அடைப்புகளுக்குக் குழாய்க்குள் படமெடுப்பதை முதல்நிலைப் பரிந்துரையாக்கியது. தேவை வளர்கிறது என்று தைரியமாகச் சொல்லக்கூடிய பிரிவு இது.

உள்ளே ஒரு துணைத்தேர்வு இருக்கிறது. முழுத் திட்டத்தின் தலையெழுத்தையும் அது மாற்றும்.

சுழலும் வகை. ஒரே ஒரு சென்சார். 40 மெகாஹெர்ட்ஸில், மின்சாரத்தை ஒலியாக்கும் பீசோ தகட்டின் தடிமன் சுமார் 50 மைக்ரான். எதிரெதிர்த் திசைகளில் சுற்றிய இரட்டை அடுக்கு எஃகுச் சுருளின் நுனியில் அதைப் பொருத்தி, நிமிடத்துக்கு 1800 முறை சுழற்றினால் நொடிக்கு 30 படம். நுனிப் பாகம் மலிவு, படம் கூர்மை. தொல்லை சுருளில் வருகிறது. பின்முனையில் மோட்டார் சீராகச் சுற்றினாலும், வளைவில் உராய்வு ஏறினால் நுனி சீராகச் சுற்றாது. சிறிது நின்று, பிறகு துள்ளி ஓடும். படத்தின் ஒரு பக்கம் இழுபட்டு, மறுபக்கம் சுருங்கிப்போகும். இதற்குக் காரணம் சுருளின் வடிவமைப்பு என்று தேடும் முன் கைடு கதீட்டர் வாயில் உள்ள ரத்தத்தடுப்பு வால்வைப் பாருங்கள். உதவியாளர் அதை அளவுக்கு மீறி முறுக்கியிருந்தால் சுருளைச் சுற்றியுள்ள உறை நசுங்கி இதே கோணல் வரும். மேசைச் சோதனையில் இந்த வால்வையும் ஒரு குறிப்பிட்ட முறுக்கில் வைத்துச் சோதிக்காத குழு, முதல் மருத்துவப் பயன்பாட்டில்தான் அதைக் கற்றுக்கொள்ளும்.

இன்னொன்று குமிழி. உறைக்குள் சலைன் நிறைந்திருக்க வேண்டும். சென்சாருக்கு முன்னால் ஒரு குமிழி உட்கார்ந்தால் படம் இருண்டுவிடும். உறையின் நுனியில் காற்று வெளியேறும் துளை எங்கே, எத்தனை மி.லி. பாய்ச்சினால் போகும், எந்தக் கோணத்தில் பிடித்துப் பாய்ச்ச வேண்டும் என்பதெல்லாம் வடிவமைப்புத் தேவைகளாக எழுத வேண்டியவை. கம்பி போகும் குழி நுனியின் ஓரத்தில் சிறு நீளத்துக்கு மட்டும் இருப்பதால், கெட்டிப்பட்ட சுண்ணாம்பு அடைப்பில் தள்ளும்போது கதீட்டர் கம்பியிலிருந்து விலகி மடங்குவதும் இந்த வகைக்கே உரிய குறை.

சுழலாத வகை. நுனியைச் சுற்றி 64 சிறு சென்சார்கள், 20 மெகாஹெர்ட்ஸ். 3.5 ஃபிரெஞ்ச் நுனியின் சுற்றளவு சுமார் 3.7 மி.மீ. அதை 64-ஆல் வகுத்தால் ஒன்றுக்கு 57 மைக்ரான், ஒரு மெல்லிய தலைமுடி அளவு. அறுத்தெடுக்கும் வெட்டின் அகலமும் அதற்குள் அடக்கம். 64 கம்பிகளை அந்தக் குழாய்க்குள் பின்னுக்குக் கொண்டுவர முடியாது. ஆகவே எந்தச் சென்சார் வேலை செய்ய வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் சில்லுகளை நுனியிலேயே வைத்தாக வேண்டும். சொந்தச் சில்லு வடிவமைக்கும் திறன் இல்லாத குழு இங்கேயே நின்றுவிடலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. முடிந்தவர்களுக்குக் கிடைப்பது: சுழற்சிக் கோணல் இல்லை, உறைக் குமிழி இல்லை, தயாரிப்பு நேரம் குறைவு, கம்பியின் மேல் நன்றாக ஓடும் நுனி. விட்டுக்கொடுப்பது: மங்கலான படம், நுனிக்கு மிக அருகே அதிர்வின் வெள்ளை வளையம். அந்த வளையத்தைக் கழிக்க, தமனிக்குள் போகும் முன் பெருந்தமனியின் திறந்த வெளியில் ஒரு பின்னணிப் படம் எடுத்துவைப்பார்கள். கதீட்டர் அப்போது சுவரை ஒட்டிக்கிடந்தால் சுவரும் சேர்ந்து கழிக்கப்படும். பிறகு படத்தில் ஒரு பக்கம் பொய்யான வெற்றிடம்.

எந்த வகையானாலும் ஒலிச்சக்தி வரம்பு உண்டு. இதயப் பயன்பாட்டுக்கு அமெரிக்க வழிகாட்டுதலில் சராசரிச் செறிவு ச.செ.மீ.க்கு 430 மில்லிவாட், ஒலியழுத்தம் திசுவைப் பாதிக்கும் வாய்ப்பைக் காட்டும் இயந்திரக் குறியீடு 1.9. இவ்வளவு சிறிய சென்சார் அதைத் தாண்டுவது கடினம், ஆனால் அளந்து காட்ட வேண்டும். 40 மெகாஹெர்ட்ஸுக்கு அளவுதிருத்தம் செய்த ஹைட்ரோபோனை (நீருக்குள் ஒலியை அளக்கும் கருவி) முன்கூட்டியே தேடிவைத்துக்கொள்ளுங்கள்.

## மூன்றாம் வழி: ஒளி

ஓசிடி சுமார் 1300 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியைப் பயன்படுத்துகிறது. பிரிதிறன் 10 முதல் 20 மைக்ரான். ஆழம் 1 முதல் 2 மி.மீ. மட்டும். வெடிக்கும் வாய்ப்புள்ள படிவின் மேல்தோல் 65 மைக்ரானுக்கும் மெலிந்தது என்பார்கள். ஐவஸுக்கு அது தெரியாது, ஓசிடிக்குத் தெரியும். சுண்ணாம்புப் படிவின் தடிமன், ஸ்டென்ட் கம்பி சுவரோடு ஒட்டியிருக்கிறதா, ரத்தக்கட்டியா பிதுங்கிய சதையா என்பதிலெல்லாம் ஓசிடியின் படத்துக்கு நிகரில்லை.

ஆனால் ரத்தம் ஒளியைச் சிதறடிக்கும். கதீட்டரைச் சீரான வேகத்தில் பின்னுக்கு இழுத்தபடி படமெடுப்பதற்குப் புல்பேக் என்று பெயர். அது நடக்கும் சில நொடிகளுக்குத் தமனியைச் சாயத்தால் நிரப்ப வேண்டும். இடது தமனிக்கு வழக்கமாக நொடிக்கு 4 மி.லி. வீதம் 14 மி.லி. அளவில். இந்த ஒரு கட்டாயம் கருவியின் எல்லாவற்றையும் வேகத்துக்குத் தள்ளுகிறது. நொடிக்கு 180 படம் என்றால் நுனி நிமிடத்துக்கு 10,800 முறை சுழல வேண்டும். ஒரு சுற்றுக்கு 500 கோடு என்றால் ஒளிமூலம் நொடிக்கு 90,000 முறை அலைநீளத்தை வருட வேண்டும். நொடிக்கு 20 மி.மீ. இழுத்தால் 54 மி.மீ. நீளம் 2.7 நொடியில் முடியும். ஐவஸில் நொடிக்கு 0.5 மி.மீ. வேகத்தில் அதே நீளத்துக்கு 108 நொடி. புதிய 60 மெகாஹெர்ட்ஸ் ஐவஸ் கருவிகளில் சில, நொடிக்கு 10 மி.மீ. வேகம்வரை போகின்றன.

இந்த வேகத்தில் சுழலும் ஒளி இணைப்பியில்தான் பணம் கரைகிறது. ஒற்றைமுறை இழையின் (ஒரே ஒளிப்பாதை மட்டும் கொண்ட ஒளியிழை) மையம் சுமார் 9 மைக்ரான். ஒரு முனை நிற்கிறது, மறுமுனை சுழல்கிறது, இரண்டும் சில மைக்ரானுக்குள் நேராக இருக்க வேண்டும். மையம் தப்பினால் ஒவ்வொரு சுற்றிலும் வெளிச்சம் ஏறி இறங்கி, படத்தில் நிரந்தரமாக ஒரு பக்கம் மங்கும். இழை முனைகளை 8 பாகைச் சாய்வில் மெருகிடுவது எதிரொளிப்பைத் தவிர்க்க. ஒவ்வொரு நோயாளிக்கும் புதுக் கதீட்டர் மாட்டும்போது அந்த முனை திறந்த காற்றில் சில நொடிகள் இருக்கும். கையுறைத் தூள் ஒரு துகள் போதும். தானாக மூடிக்கொள்ளும் கதவுள்ள இணைப்பியைச் செலவு என்று வெட்டாதீர்கள்.

அளவுத்துல்லியத்தைக் கெடுக்கும் நுட்பமான பிழை ஒன்று இங்கே இருக்கிறது. ஒளிப்பாதையின் நீளம் வெப்பத்தாலும் இழுவிசையாலும் சிறிது மாறும். அதைச் சரிசெய்ய, படத்தில் உறையின் வெளிவிளிம்பைத் தெரிந்த விட்டத்தோடு பொருத்த வேண்டும். பொருத்தம் சிறிது தவறினாலும் தமனியின் பரப்பு கணிசமாகத் தவறும், அதுவும் படம் அழகாகவே இருக்கும்போது. கண்ணால் பிடிக்க முடியாத பிழை இது. இதைத் தானியங்கியாகச் செய்து, புல்பேக் நெடுகச் சரிபார்க்கும் மென்பொருளை முதல் பதிப்பிலேயே வையுங்கள்.

தமனி பெருந்தமனியிலிருந்து பிரியும் வாயிலேயே உள்ள அடைப்பில் சாயம் நிற்காது, ரத்தம் புகுந்துவிடும். அங்கே ஓசிடி தோற்கும், ஐவஸ் ஜெயிக்கும். சிறுநீரகம் பலவீனமானவருக்கு ஒவ்வொரு கூடுதல் புல்பேக்கும் யோசனைக்குரியது. 2023-இல் வெளியான இரண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்ப்பது நல்லது. ஆக்டிவஸில் ஓசிடி ஐவஸுக்குக் குறைந்ததல்ல என்று தெரிந்தது. இலுமியன் 4-இல் ஆஞ்சியோவைவிட ஓசிடி பார்த்து வைத்த ஸ்டென்ட் நன்றாக விரிந்தது, ஆனால் இரண்டாண்டில் முக்கிய மருத்துவ முடிவில் வேறுபாடு நிரூபணமாகவில்லை. படம் நன்றாக இருப்பதும் நோயாளி நன்றாக இருப்பதும் ஒன்றல்ல.

## நான்காம் வழி: கொழுப்பைத் தேடும் நிறமாலை

தனியாக இது படம் தராது. சுவரில் கொழுப்பு இருக்கும் வாய்ப்பை மஞ்சளும் சிவப்புமாக வரைபடம் போடும். 4 மி.மீ. நீளத்தில் கொழுப்புச் சுட்டெண் 400-ஐத் தாண்டிய தமனிகளில் பின்னாள் பாதிப்பு அதிகம் என்று 2019-இல் வந்த எல்ஆர்பி ஆய்வு காட்டியது. பெரும்பாலும் ஐவஸோடு சேர்த்தே விற்பனைக்கு வந்திருக்கிறது. அப்போது ஒரே சுழலும் சுருளுக்குள் மின்கம்பியும் ஒளியிழையும், பின்முனையில் மின்சார, ஒளி இணைப்பிகள் இரண்டும். முந்தைய இரண்டு பிரிவுகளின் தொல்லைகளையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

கணக்குமுறையைப் பயிற்றுவிக்க, இறந்தவர்களின் இதயத் தமனிகளைத் திசுச்சீவல்களோடு ஒப்பிட வேண்டும். அந்த மாதிரிகளுக்கான அனுமதியும் நோயியல் வல்லுநரின் நேரமும் பொறியியல் செலவை விஞ்சும். அதற்குப் பிறகும் "மஞ்சளாக இருக்கிறது, சரி, நான் என்ன செய்ய?" என்ற கேள்விக்கு உறுதியான பதில் வந்துகொண்டுதான் இருக்கிறது. 2024-இல் வெளியான பிரிவென்ட் ஆய்வு, இத்தகைய படிவுகளுக்கு முன்கூட்டியே ஸ்டென்ட் வைப்பதில் பலன் காட்டியதால் ஆர்வம் கூடியிருக்கிறது. முதல் தயாரிப்பாக இதை எடுக்க நாங்கள் சொல்லமாட்டோம்.

(வெப்பத்தை அளக்கும் கதீட்டர்கள் மேல் 1990-களில் பெரும் நம்பிக்கை இருந்தது. அழற்சியுள்ள படிவு சூடாக இருக்கும் என்பது சரிதான். ஓடும் ரத்தம் அதைக் குளிர்வித்துவிடுகிறது. மேசையில் ஜெயித்து உடலுக்குள் தோற்கும் சென்சாருக்கு இது பாடநூல் உதாரணம்.)

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | அழுத்தம் | ஐவஸ், சுழலும் | ஐவஸ், சுழலாத | ஓசிடி | நிறமாலை + ஐவஸ் |
|---|---|---|---|---|---|
| பதில் சொல்லும் கேள்வி | ஓட்டம் தடைபடுகிறதா | ஸ்டென்ட் அளவு | ஸ்டென்ட் அளவு | ஸ்டென்ட் பொருத்தம், படிவின் மேல்தோல் | எதிர்கால ஆபத்து |
| பிரிதிறன் | பொருந்தாது | சுமார் 40–120 மைக்ரான் | 100 மைக்ரானுக்கு மேல் | 10–20 மைக்ரான் | ஐவஸைப் போல |
| ரத்தத்தை விலக்க வேண்டுமா | வேண்டாம் | வேண்டாம் | வேண்டாம் | வேண்டும் | வேண்டாம் |
| நுனியின் கடினம் | சில்லு ஒட்டுதல் | குறைவு | மிக அதிகம் | நுண் லென்ஸ் | அதிகம் |
| கன்சோலின் கடினம் | குறைவு | நடுத்தரம் | நடுத்தரம் | மிக அதிகம் | அதிகம் |
| முதலில் கெடுவது | சுழிநிலை நகர்வு | சுருள் உராய்வு, குமிழி | அருகாமை வளையம் | இணைப்பித் தூசி, ரத்தக்கீற்று | சுழலும் இரட்டை இணைப்பி |
| ஒப்பிடும் அளவுகோல் | தயாராக உள்ளது | உள்ளது | உள்ளது | உள்ளது | திசுச்சீவல் தேவை |

## திட்டமதிப்பீட்டில் விடுபடுபவை

எல்லா வழிகளுக்கும் பொதுவான செலவுகள் இவை. பலர் இவற்றைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள்.

இணைப்புகளின் இழுவலிமையை ஐஎஸ்ஓ 10555-1 சொல்கிறது. வெளிவிட்டம் 0.75 முதல் 1.15 மி.மீ.க்குள் இருக்கும் பகுதி 5 நியூட்டன், 1.15 முதல் 1.85-க்குள் 10 நியூட்டன் தாங்க வேண்டும். ஒவ்வொரு ஒட்டையும் தனித்தனியாக இழுத்துப் பார்க்க வேண்டும். சென்சார் உறையை ஒட்டும் பசை முதல் சுற்றில் இங்கேதான் பிரியும். தோற்ற துண்டுகளைத் தூக்கி எறியாமல் எந்தப் பரப்பில் பிரிந்தது என்று பாருங்கள். பசை முழுக்க ஒரு பக்கமே ஒட்டியிருந்தால் மறுபக்கப் பரப்பைத் தயார்படுத்தியதில் குறை. பசையே நடுவில் கிழிந்திருந்தால் பரப்பளவு போதவில்லை.

கிருமிநீக்கத்துக்குப் பெரும்பாலும் எத்திலீன் ஆக்சைடுதான். காமா கதிர் ஒளியிழையைக் கருமையாக்கும், டெஃப்லானைச் சிதைக்கும், சில்லுகளையும் கெடுக்கும். ஆனால் வாயு முட்டுச்சந்து போன்ற குழிகளுக்குள் மெதுவாகத்தான் போகும், போனது மெதுவாகத்தான் வெளியேறும். ஒரு பக்கம் அடைபட்ட குழி உங்கள் வடிவமைப்பில் இருந்தால் காற்றோட்ட நாட்கள் நீளும். ஈரமும் வெப்பமும் கலந்த அந்தச் சுழற்சி அழுத்தச் சென்சாரின் சுழிநிலையை மாற்றும். அளவுதிருத்தம் கிருமிநீக்கத்துக்கு முன்பா பின்பா என்பதை அதற்குள் தீர்மானித்திருக்க வேண்டும்.

ஆயுட்காலச் சோதனையை 55 பாகையில் வேகப்படுத்தினால், 25 பாகையில் வைத்ததைவிட 8 மடங்கு வேகம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். மூன்று ஆண்டுக்கு 137 நாள். இதைக் குறுக்க வெப்பத்தை இன்னும் ஏற்றினால் நீர்நாட்டப் பூச்சும் பசையும் உண்மையில் நடக்காத விதங்களில் கெடும்.

இதயத்தோடு மின்தொடர்பு கொள்வதால் மின்பாதுகாப்பில் கடுமையான வகுப்பு: சாதாரண நிலையில் நோயாளிக்குப் போகும் கசிவுமின்னோட்டம் 10 மைக்ரோஆம்பியருக்குள். கன்சோலின் தனிமைப்படுத்தலை இரண்டாம் பதிப்புக்குத் தள்ளிவைக்க முடியாது.

அனுமதி பெறும் பாதை நாட்டுக்கு நாடு மாறும், அந்த மாற்றம் தேர்வையே புரட்டும். அமெரிக்காவில் இந்தக் கருவிகள் பெரும்பாலும் இரண்டாம் வகுப்பில், ஏற்கெனவே உள்ள ஒன்றுக்கு இணையானது என்று காட்டி வருகின்றன. ஐரோப்பிய விதிகளில், இதயத்தின் அல்லது மையத் தமனிகளின் குறையை நேரடித் தொடர்பால் கண்டறியும் கருவி மூன்றாம் வகுப்பு. கரோனரியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

## எப்போது எது

மின்னணுவியலும் நுண்பொருத்தலும் தெரிந்த, பெரிய கன்சோல் செய்யப் பணமில்லாத குழுவுக்கு அழுத்த மைக்ரோகதீட்டர். ஓய்வுநிலைக் குறியீடுகள் சிலவற்றுக்குக் காப்புரிமை உண்டு. வக்கீலைப் பார்க்கும்வரை எஃப்எஃப்ஆரையும், முழு இதயத்துடிப்புக்கான எளிய விகிதத்தையும் மட்டும் நம்பித் திட்டமிடுங்கள்.

பீசோ சென்சார் செய்யும் ஆலையோடு உறவும், சுருள் கம்பி முறுக்கும் கைத்திறனும் இருந்தால் சுழலும் ஐவஸ். ஸ்டென்ட் வைக்கும் இடங்களில் தேவை கூடுகிறது, புதிய மருத்துவ எல்லை எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. சொந்தச் சில்லு உள்ளவர்களுக்கு மட்டும் சுழலாத வகை.

ஓசிடியை ஒளியியலில் ஏற்கெனவே ஊறிய குழு எடுக்கலாம். வேறொரு துறைக்காக வேக ஒளிமூலம் செய்து வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தும். கதீட்டர் மட்டும் செய்து, கன்சோலை வேறொருவரிடம் வாங்கிக்கொள்ளலாம் என்ற எண்ணம் வந்தால் கவனம். இணைப்பியின் அளவும் உறை அளவுதிருத்தமும் கன்சோல்காரரின் கையில் இருக்கும். அவர் ஒரு மென்பொருள் புதுப்பிப்பு விட்டால் உங்கள் கதீட்டர் மறுநாள் காலை வேலை செய்யாமல் போகலாம்.

எதை எடுத்தாலும் சென்சாரே இல்லாத வெறும் கதீட்டரை முதலில் செய்துபாருங்கள். சென்சார் இருக்கும் இடத்தில் அதே விறைப்பும் நீளமும் உள்ள ஓர் எஃகுத் துண்டை வைத்து, 37 பாகை நீரில் மூழ்கிய வளைந்த தமனி மாதிரிக்குள், 0.36 மி.மீ. கம்பியின் மேல், 6 ஃபிரெஞ்ச் கைடு வழியே தள்ளுங்கள். விறைப்பான பகுதி 3 மி.மீ.யிலிருந்து 6 மி.மீ. ஆகும்போது எந்த வளைவில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் சென்சாருக்குக் கிடைக்கும் நீளம் அவ்வளவுதான்.